முக்குளிப்பான் பதினொன்று, குஞ்சுகள் நான்கு

1

இந்தக் கதை நான்கு வரி மனுவாக இருந்திருக்க வேண்டியது.

மனு கொடுக்கத் தொண்ணூறு நாள் அவகாசம். எண்பத்தொன்பது முடிந்துவிட்டது. இன்று ஞாயிறு, மதியச் சாப்பாடு ஆகிவிட்டது. நாளை மாலை ஐந்து மணிக்குச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலை இழுத்து மூடிவிடுவார்கள். நான்கு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். கதை வந்துவிட்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்கு ஆடத் தெரியும், என் பிரச்சினையே அதுதான்.

விஷயத்தை மறைத்து வைத்து உங்களைக் கடைசிப் பக்கம் வரை இழுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. பஸ் கண்டக்டராக வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றி அரசுக் கோப்பு ஒன்றில் 'பொய்ப் புகார் கொடுத்தவர்' என்று எழுதியிருக்கிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை. சொன்னவன் நான். நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தக் குறிப்பை அடித்துவிடலாம்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள், கதை.

2

தொடக்கங்கள்:

அ) அந்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் குளக்கரையில் நின்றிருந்தேன். மழைத்துளிகள் நீரின் மேல் ஆயிரம் —

[நிறுத்துகிறேன். நான் அங்கே நிற்கவில்லை. துளிகளையும் எண்ணவில்லை.]

ஆ) அந்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் கடும் காய்ச்சலில் —

[காய்ச்சல் இல்லை. முந்தின நாள் நாலு பரோட்டா — இல்லை, என்ன தின்றேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். உடம்பு கல்லு மாதிரி இருந்தது.]

இ) அந்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அம்மா வழிமறித்தாள். "வானமே ஒழுகுது. எந்தக் கொக்குடா உனக்குப் பத்திரிகை வச்சு அழைச்சுது? பேசாம படு."

[அம்மா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. சட்டை மாட்டியது பொய். அம்மா சொன்னதைப் படுத்த வாக்கில்தான் கேட்டேன். பெற்றவள் மேல் பழியைப் போடுவது என் தலைமுறைக்குக் கைவந்த கலை என்றாலும், இங்கே செல்லாது.]

மூன்று தொடக்கங்களும் 'நான்' வரைக்கும் உண்மை. அதற்கு அடுத்த சொல்லில்தான் கை நழுவுகிறது.

3

எங்கள் கல்லூரியில் பட்டம் வாங்க ஐம்பது மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும். பட்டியலில் மூன்று வேலைகள் இருந்தன: ரத்ததான முகாமில் பிஸ்கட் கொடுப்பது, முதியோர் இல்லத்தில் பாட்டுப் பாடுவது, உள்ளூர் உயிரினங்களைப் பதிவு செய்யப் பொதுமக்களை அழைத்துக்கொண்டு நடப்பது. ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். என் பாட்டைக் கேட்டால் முதியவர்களுக்கு வரும். பறவைகள் புகார் கொடுக்காது என்ற நம்பிக்கையில் மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.

(பறவைகள் கடைசிவரை புகார் கொடுக்கவில்லை. அந்த அளவில் என் கணிப்பு சரி.)

எங்கள் வீட்டுத் தெரு முடியும் இடத்தில் ஒரு குளம். அதன் வடகரையில் உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசும் ஆலை. தென்கரையில் பஸ் டிப்போவின் பின்சுவர். நடுவில் கோரைப்புல், தாமரை, தண்ணீர். 'ஞாயிறு காலை ஆறரை. குளத்தைச் சுற்றி நடப்போம். கண்ணில் பட்டதை எழுதுவோம். கட்டணம் இல்லை, காலை உணவும் இல்லை' என்று நோட்டீஸ் ஒட்டினேன். நான்கு பேர் வந்தார்கள்.

பல் டாக்டர் வந்தார், விலை உயர்ந்த தொலைநோக்கியும் மனைவியும் சகிதம். வாயைத் திறந்து வைத்தவர்களிடமே முப்பது வருடம் கேள்வி கேட்டுப் பழகியவர், அதனால் பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் இல்லை. அடுத்தவர், தினமும் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு மனிதர். பெயர் கேட்டோம், சொன்னார், மறந்தோம். 'பத்தாயிரம்' என்றே நின்றுவிட்டது. நாங்கள் மீன்கொத்திக்காக மூச்சைப் பிடித்து நிற்கும்போது அவர் எங்களைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருப்பார். "நின்னா கணக்குல ஏறாது தம்பி."

நான்காவது ஆள் கண்டக்டர் அக்கா.

பதிவுகளைப் போட ஒரு பொது இணையதளம் இருந்தது. எந்த ஊர்க் குழுவும் சேரலாம். அதற்கு இரண்டு விதிகள். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ஒன்றுமே பார்க்கவில்லை என்றால் சைபர் என்று எழுத வேண்டும், ஏனென்றால் சைபரும் ஒரு சேதி. இந்த இரண்டையும் நான்தான் ஒவ்வொரு ஞாயிறும் உரக்கப் படிப்பேன். "எல்லாரும் பென்சில்லதான் எழுதணும், மழை வந்தா மை கரையும்" என்று மூன்றாவதாக ஒரு விதியை நானே கண்டுபிடித்துச் சேர்த்தேன். அந்தக் குளத்துக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பென்சில்.

ஐம்பது ஞாயிறு விடாமல் பதிவு போட்டால் இணையதளத்தில் குழுவின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை இலை முளைக்கும். ஒரு வாரம் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இலை. குண்டூசித் தலை அளவுக்கு ஒரு இலை. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4

கண்டக்டர் அக்காவை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

உள்ளபடி எழுதினால் நம்பமாட்டீர்கள். நியாயமானவர், தப்பாக எண்ணாதவர், மழையில் தனியாகப் போனவர். இப்படி ஒரு ஆளைக் கதையில் வைத்தால், இவருக்குக் கெடுதல் நடக்கப்போகிறது என்று இரண்டாவது பத்தியிலேயே வாசகருக்கு வாசம் அடித்துவிடும். ஆகவே ஒரு வரைவில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். சில்லறைக்குச் சிடுசிடுப்பவர், நேரத்துக்கு வராதவர், அண்டை வீட்டாரோடு சண்டை. எழுதி முடித்துப் படித்தால் அது என் முகஜாடையில் இருந்தது. கிழித்துப் போட்டேன்.

அவரிடம் உண்மையாகவே ஒரு குறை உண்டு: குரல். இருபது வருடம் பஸ்ஸின் பின்வாசலிலிருந்து டிரைவருக்குக் கேட்கப் பேசியவர். ரகசியம் சொன்னாலே கொக்குக் கூட்டம் கிளம்பிவிடும்.

"அதோ பாருடா!" என்பார், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"எங்கக்கா?"

"இப்ப இல்ல, பறந்துடுச்சு."

ஆனால் எண்ணிக்கை என்று வந்தால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முக்குளிப்பானை எண்ணுவது பெரிய தலைவலி. கைப்பிடி அளவுப் பறவை. இங்கே முங்கும், பத்தடி தள்ளி எழும். எழுந்தது அதுவா வேறொன்றா என்று யோசிப்பதற்குள் மறுபடி முங்கிவிடும். நாற்பத்தாறாவது ஞாயிறு, நல்ல வெயில். பல் டாக்டர் தொலைநோக்கியை இறக்கி, "பதிமூணு" என்றார்.

"பதினொண்ணு" என்றார் அக்கா.

"நான் லென்ஸ்ல பாக்குறேம்மா."

"முங்கினதையும் எழுந்ததையும் தனித்தனியா எண்றீங்க டாக்டர். முன்வாசல்ல இறங்கி பின்வாசல்ல ஏறுறவன் ரெண்டு ஆளா? எல்லாம் மேல வர்ற ஒரு நொடி இருக்கும், அதுக்குக் காத்திருக்கணும். இப்ப பாருங்க. இப்ப!"

அந்த ஒரு நொடியில் பதினொன்றும் தண்ணீரின் மேல் இருந்தன. அக்காவின் 'இப்ப' கேட்டு அடுத்த நொடி பதினொன்றும் முங்கின.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். கோரைப்புல் ஓரமாக ஒன்று மட்டும் முங்காமல் மிதந்து வந்தது. அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து கோடு போட்ட தலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்று, இரண்டு, நான்கு.

"குஞ்சுக்கா! முதுகுல சவாரி போகுது. இதையும் சேக்கணுமா?"

"முதுகுல உக்காந்தா டிக்கெட் கிடையாது" என்றார் அக்கா. "ஆனா கணக்குல உண்டு. தனியா எழுதுடா லீடர்."

'லீடர்' என்பது கேலி. 'டா' என்பது பிரியம். நான் பென்சிலில் எழுதினேன்: முக்குளிப்பான் 11, குஞ்சுகள் 4. பத்தாயிரம்கூட வட்டம் போடுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். எங்கள் வரலாற்றில் அவர் நின்றது அந்த ஒரு தடவைதான்.

5

[இந்தப் பகுதியில் குளத்தின் அழகைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். ஏன் என்று ஏழாம் பகுதியில் தெரியும்.]

6

நாற்பத்தேழாவது ஞாயிறு.

மழை. அம்மாவின் கொக்கு வசனம். போர்வை. ஏழேகாலுக்கு விழிப்பு வந்தது, விழித்ததும் இலை ஞாபகம் வந்தது. இன்னும் மூன்றே வாரம். இந்த மழையில் யார் வந்திருப்பார்கள்? யாரும் வந்திருக்கமாட்டார்கள். போன வாரம் இருந்த பறவைகள் இந்த வாரம் எங்கே போய்விடும்? எங்கேயும் போகாது. இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. படுத்தபடியே போனை எடுத்து, போன வாரப் பட்டியலை அப்படியே நகல் எடுத்து, தேதியை மாற்றினேன். நேரம்: 6.30. கலந்துகொண்டவர்கள்: 5. முக்குளிப்பான் 11, குஞ்சுகள் 4.

அதோடு விட்டிருக்கலாம். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. எழுதினேன்:

'மழை வலுக்கிறது. தாயின் முதுகில் நான்கு குஞ்சுகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, நாலு பேருக்கு ஒரே குடை கிடைத்த மாதிரி.'

படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. பதிவேற்றிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

அதே ஏழேகாலுக்குக் கண்டக்டர் அக்கா குளக்கரையில் இருந்தார், ஆறரையிலிருந்தே. எட்டு மணிக்குத்தான் டியூட்டி. 'ஞாயிறுன்னா ஞாயிறுதானே' என்று வந்திருக்கிறார். அவரிடம் இருப்பது பேச மட்டுமே உதவும் பழைய போன், அதையும் நனையுமென்று டிப்போவில் வைத்துவிட்டு வந்திருந்தார். மழை பெய்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே நிறம் என்பது முலாம் ஆலைக்காரர்களுக்கும் தெரியும். கழிவுநீர்த் தொட்டியைத் திறந்துவிட அவர்கள் மழைக்காகக் காத்திருந்தார்கள். மழைக்கு நான் படுத்துக்கொண்டேன். ஒரே மழைதான், ஆளுக்கொரு பயன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். காக்கி உடுப்பு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"செத்துப்போச்சுடா" என்றார். அந்தக் குரல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. "எல்லாம் மிதக்குது. மீனு, தவளை, எல்லாம். காலையில பாத்தேன். டியூட்டிய விட்டுட்டு வர முடியல. இப்ப போய்ப் பாத்தா ஆலைக்காரனுங்க வலை போட்டு வாரி எடுத்துட்டானுங்க. ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு."

"எத்தனைக்கா?" என்ன ஆனாலும் லீடர் லீடர்தான்.

ஒரு பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தை நீட்டினார். பென்சிலில் எழுதியிருந்தது. கரையவில்லை. முக்குளிப்பான் 11, குஞ்சுகள் 4. பக்கத்தில் ஒரு சொல்: 'உயிர் இல்லை'.

"இந்தத் தடவை எண்றது சுலபம்டா" என்றார். "ஒண்ணும் முங்கல."

உள்ளே மேஜைமேல் என் போன் கிடந்தது. அதற்குள் என் பதினொன்று உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது. அதை அப்போதே அழித்திருக்கலாம், இரண்டு தட்டு. அக்காவிடம் சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம். நான் சொன்னது: "நாளைக்குப் பாத்துக்கலாம்கா. நீங்க போய்த் துணிய மாத்துங்க."

மறுநாள் காலை பல் டாக்டர் என் பதிவை ஊரெல்லாம் பகிர்ந்திருந்தார்: 'கொட்டும் மழையிலும் ஐந்து வீரர்கள்!' தான் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும், மற்றவர்கள் போயிருப்பார்கள் என்று நினைத்தார். பத்தாயிரமும் அப்படியே. என்னையும் அக்காவையும் தவிர, ஐந்து வீரர்களில் ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்துப் பெருமைப்பட்டார்கள். செவ்வாய்க்கிழமை அக்கா அலுவலகத்தில் புகார் கொடுத்தபோது, ஆலை மேலாளர் அந்தப் பதிவை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டார். மழைக்காலம் பாருங்கள், ஜாக்கிரதையான மனிதர்.

7

விசாரணை இரண்டு வாரம் கழித்து நடந்தது. ஒரு மேஜை, நான்கு நாற்காலி (அதிகாரி, அக்கா, பல் டாக்டர், நான்), சுற்றும்போது முனகும் மின்விசிறி. விசாரணை அதிகாரி நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவர்களுக்குப் பெரிய பஞ்சம், நானே இரண்டு வேடம் போட வேண்டியிருக்கிறது.

அக்கா டிரிப் ஷீட்டை நீட்டினார். அதிகாரி வாங்கிப் படித்தார். பிறகு பிளாஸ்டிக் உறையை எடுத்து அக்கா பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க குழுவோட பதிவும்மா. அதே நாள், அதே நேரம். பதினொண்ணும் உயிரோட இருக்குன்னு போட்டிருக்கு. குஞ்சு உட்பட."

அக்கா அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பதிவிட்டவர் என்ற இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க அங்க இருந்தீங்களா டாக்டர்?" என்றார் அதிகாரி.

"நான் அன்னைக்கு வரல சார். ஆனா எங்க லீடர் ரொம்பப் பொறுப்பான பையன்."

அதிகாரி என் பக்கம் திரும்பி, குறிப்பை உரக்கப் படித்தார். நாலு பேருக்கு ஒரே குடை. நிறுத்தி, தலையசைத்து, மறுபடி ஒரு தடவை படித்தார்.

"அருமையா இருக்கு தம்பி. பாக்காம இப்படி எழுத முடியுமா?"

என் எழுத்தை நேருக்கு நேர் பாராட்டிய முதல் வாசகர் அவர்தான். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் மூன்று வருடம் எழுதியிருக்கிறேன், முதல்வர்கூட ஒரு தடவை கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார், பாராட்டியவர் கிடையாது. கழுத்தில் கத்தி இருக்கும்போது கன்னத்தில் யாரோ தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை இங்கே எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன்.

(குளத்தின் அழகைப் பற்றிய ஒன்றரைப் பக்கத்தை ஏன் எடுத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.)

"அவன் அங்க இல்ல சார்" என்றார் அக்கா. "கரையில நான் ஒருத்திதான் இருந்தேன்."

8

இந்த இடத்தில் கதை இரண்டாகப் பிரிகிறது. வாசகருக்குத் தேர்வு கொடுப்பது நவீன இலக்கிய மரபு என்று பாடத்தில் படித்தேன். படித்ததை வீணாக்கக் கூடாது.

முதல் முடிவு. நான் எழுந்து நிற்கிறேன். "பாக்கல சார். போன வாரத்த காப்பி அடிச்சேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றுகிறார். "அப்ப மத்த நாப்பத்தாறு வாரம்?"

"அதெல்லாம் உண்மை சார்."

"இதையும் உண்மைன்னுதானே போட்டீங்க தம்பி."

நாற்பத்தேழு பட்டியலும் குப்பைக்குப் போகின்றன. அக்கா ஒரு வருடம் முங்கியதையும் எழுந்ததையும் பிரித்துப் பிரித்து எண்ணிய கணக்கு அத்தனையும் போகிறது. ஆலையின் வழக்கறிஞர் மெதுவாகக் கேட்கிறார்: "பதினஞ்சு பறவை செத்துச்சுங்கிறாங்க. அங்க பறவையே இருந்ததுக்கு ஆதாரம் எங்க சார்?" வாழ்ந்ததற்குச் சான்று இல்லாதவை சாகவும் முடியாது.

இரண்டாவது முடிவு. "பாத்தேன் சார்" என்கிறேன். பட்டியல்கள் பிழைக்கின்றன. அக்கா பொய்யராகிறார். குளம் நலமாக இருக்கிறது, காகிதத்தில்.

இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பேனாவை மூடத்தான் திட்டம் போட்டிருந்தேன். நாசூக்கான முடிவு. பேராசிரியர்களுக்குப் பிடிக்கும்.

ஆனால் இரண்டும் நடக்கவில்லை. மூன்றாவது ஒன்று நடந்தது. அதிகாரிதான் எடுத்துக் கொடுத்தார், பாவம், பிரச்சினையில்லாமல் முடிக்கப் பார்த்தார்.

"நல்ல மழைன்னு நீங்களே சொல்றீங்கம்மா. நீங்க இந்தக் கரை, அவங்க அந்தக் கரை. கண்ணுல படாம இருந்திருக்கலாம் இல்ல? நீங்க சொல்லுங்க தம்பி. இருக்கலாமா?"

மின்விசிறி முனகியது. அக்கா இப்போது என்னைப் பார்த்தார்.

"இருக்கலாம் சார்" என்றேன்.

ஒரே சொல். அதில் பொய் இருக்கிறது என்று யாரும் நிரூபிக்க முடியாது. நான் எழுதியதிலேயே தொழில்நுட்பரீதியில் ஆகச் சிறந்த வாக்கியம் அது.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது: 'இரு பதிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் குழுவின் எந்தப் பதிவையும் நம்ப இயலவில்லை. புகார் பொய்யானது.' ஒரு நகல் டிப்போவுக்கு. மேல்மனுவுக்குத் தொண்ணூறு நாள். இரண்டு முடிவிலும் இருந்த நஷ்டங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒன்றாகக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அக்காவுக்கு அந்த மாதம் செக்கிங் இன்ஸ்பெக்டராகப் பதவி உயர்வு வர வேண்டியது. அடுத்தவர்கள் எண்ணியது சரியா என்று பார்க்கும் வேலை. பொய்ப் புகார் கொடுத்தவருக்கு அதைத் தரமாட்டார்கள்.

9

தீர்ப்புக்குப் பிறகு ஒரு தடவைதான் அவரைப் பார்த்தேன். வேண்டுமென்றே அவர் பஸ்ஸில் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான். கேட்பதற்கு மூன்று வரைவு மனதில் தயார். முதல் வரைவில் ஒரு உவமைகூட இருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"எங்க போகணும் சார்?"

பின்னால் யாரோ சார் நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

"அக்கா..."

"ஸ்டாப் பேரச் சொல்லுங்க சார். பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

"கடைசி ஸ்டாப்."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கோபம் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. ஒரு பயணிக்குத் தர வேண்டிய மரியாதை முழுவதையும் தந்தார். ஒரு 'டா' கிடைத்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். 'சார்' என்றதற்கு என்ன செய்வது? கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர் பின்வாசலில் நின்று, வழக்கம்போல் தலைகளை எண்ணினார். பார்வை ஒவ்வொரு தலையாக வந்தது. என் தலையில் வந்து நின்ற கணத்தில் உதடு அசைந்தது. என்னையும் எண்ணினார். ஒரு தலையைக்கூட விடத் தெரியாத மனுஷி.

10

ஐம்பதாவது ஞாயிறு இலை முளைத்துவிட்டது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். பச்சை நிறம். அழகாகத்தான் இருக்கிறது.

குழு கலைந்துவிட்டது. பல் டாக்டர் தொலைநோக்கியைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். பத்தாயிரம் இப்போது நூலகத்தின் மொட்டை மாடியில் நடக்கிறார், அங்கே குனிந்து பார்க்க ஒன்றும் இல்லை. நான் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் ஆறரைக்குப் போகிறேன், மழையானாலும். இப்போது அம்மா ஒன்றும் சொல்வதில்லை, குடையை எடுத்து வாசலில் வைத்துவிடுகிறாள். குளத்தின் ஒரு மூலையில் கட்டட இடிபாடு கொட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். லாரி நிறுத்துமிடம் வரப்போகிறதாம். உயிர்கள் இருந்ததற்கு நம்பத்தக்க பதிவே இல்லாத இடம்தானே, அரசுக் கோப்பிலேயே இருக்கிறது.

இன்று காலையும் போனேன். முக்குளிப்பான் 0. குஞ்சுகள் 0. மீன்கொத்தி 0. எல்லாமே சைபர், எல்லாமே உண்மை. என் வாழ்நாளின் ஆக நேர்மையான பட்டியல்களை இப்போதுதான் எழுதுகிறேன். நம்ப ஆள் இல்லை.

'கலந்துகொண்டவர்கள்' என்ற கட்டத்தில் 2 என்று போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நானும் நீங்களும். இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கரையில் இல்லை. எங்கேயோ சாய்ந்துகொண்டு படித்துக்கொண்டிருக்கிறீர்கள், அன்றைக்கு நான் படுத்திருந்த மாதிரி. 1 என்று போட்டேன்.

11

மணி நாலேமுக்கால். மனுவின் மூன்று வரிகள் தயாராகிவிட்டன, கதையின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு வந்தேன். நாலாவது வரிதான் பாக்கி.

இதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடாமல் இல்லை. குளம் திரும்பாது. நாற்பத்தாறு ஞாயிறும் திரும்பாது, 'எந்தப் பதிவையும் நம்ப இயலவில்லை' என்பது இன்னும் கெட்டியாகும். ஆலைக்கு ஒரு கீறல்கூட விழாது. என் பட்டம் போகலாம், சேவை மணி நேரத்தில் மோசடி என்று. ஒரு கோப்பில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே இருக்கும் மூன்று சொல்லை அடிப்பார்கள். கூடவே அந்தப் பதினைந்தும் செத்ததாக ஆகும். இப்போதைக்கு அவை சாகவும் இல்லை.

நாளை ஐந்து மணிக்கு அந்த ஜன்னலுக்கு முன்னால் நான் நின்றேனா இல்லையா என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. நீங்களாக முடித்துக்கொள்ளவும் வேண்டாம். நல்ல மனசுக்காரர்கள் 'போயிருப்பான்' என்பீர்கள். என்னைப் புரிந்துகொண்டவர்கள் 'எங்க போயிருப்பான்' என்பீர்கள். இரண்டு பேரும் பார்க்காமல் எழுதுகிறீர்கள். பார்க்காதவர்கள் எழுதக் கூடாது என்பதுதான் விதி, ஒவ்வொரு ஞாயிறும் நான் உரக்கப் படித்த விதி. இந்த வரியை எழுத உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை இருக்கிறது, பென்சிலும் அவன் கையில்தான் இருக்கிறது.

ஐயா,

உங்கள் கோப்பில் உள்ள நாற்பத்தேழாவது ஞாயிற்றுப் பதிவை எழுதியவன் நான்.

அதில் உள்ள எதையும் நான் பார்க்கவில்லை, குடை உட்பட.

கரையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் எண்ணியதே சரி.

அந்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான்